பதினான்கு சுற்று

வாளி நிறையும்வரை விஜிதரன் யாருடனும் பேசமாட்டார். குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, மணிக்கூட்டுக் கையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, உதட்டுக்குள் எண்ணியபடி நிற்பார். பத்து லீற்றர் வாளி நாற்பது வினாடியில் நிறைந்தால் அந்த வீட்டுக்கு நோயில்லை. ஐம்பதைத் தாண்டினால், "என்னடா, மூக்கடைச்ச மாதிரி வாறாய்?" என்று கேட்பார். வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றாலும் கேள்வி குழாயிடம்தான். தண்ணீரின் அழுத்தத்தை அளக்க முதலாளி வாங்கிக்கொடுத்த அமுக்கமானி அலுமாரியில் உறை பிரிக்காமல் கிடக்கிறது.

சுவிஸில், இன்டர்லாக்கனிலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரம் போனால், ஏரிக்கரையில் மூன்று வரிசையாக நாற்பத்தாறு மொபைல் ஹோம்கள். தொழிற்சாலையில் செய்து லொறியில் கொண்டுவந்து இறக்கிய வீடுகள். அடியில் உருளச் சில்லு இருக்கிறது என்பதை அவற்றில் இருப்பவர்களே மறந்து, சுற்றிவரப் பூக்கன்று வைத்து, வேலி போட்டு, குருவிக்கும் கூடு கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பதினொரு வருடமாக இந்த இடத்தின் பராமரிப்பு விஜிதரன் கையில். புல்லும் அவர்தான் வெட்டுகிறார், விளக்கும் அவர்தான் மாற்றுகிறார். ஆனால் ஜெர்மனில் மரியாதையாக 'ஹெர் விஜி' என்றால் எல்லோருக்கும் தண்ணீர்தான் நினைவுக்கு வரும்.

அவருடைய பையில் ஒரு வினாகிரிப் போத்தல், தேய்ந்த பல்துலக்கி, நீளமான ஸ்குரூ டிரைவர் ஆகிய மூன்றும் எப்போதும் இருக்கும். ஸ்குரூ டிரைவரின் நுனியைக் குழாயில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எங்கே கசிகிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று அதில் தெரிந்துவிடுமாம். ஆனால் அந்த வித்தைக்கு அதிகம் வேலை வருவதில்லை. பத்து முறைப்பாட்டில் ஒன்பது, குளியலறைச் சவர்த் தலையில் படிந்த சுண்ணாம்பு. "முதல்ல சின்னதைப் பாப்பம்" என்று அதைக் கழற்றி வினாகிரியில் ஊறப்போடுவார். ஊறி முடிவதற்குள் வீட்டுக்காரர் கோப்பி போட்டுவிடுவார்.

முறைப்பாட்டுக் கொப்பி ஒன்று அலுவலக வாசலில் ஆணியில் தொங்கும். திகதி, வீட்டு இலக்கம், காரணம், செய்த வேலை என்று நான்கு நிரல். பாண் வாங்கப் போகிறவர்கள் நின்று அதைப் படிக்காமல் போகமாட்டார்கள். காரணம் என்ற நிரல் பக்கம் பக்கமாகச் 'சுண்ணாம்பு' என்றே ஓடும்.

இவ்வளவு கணக்காக வேலை செய்கிற மனிதருக்குப் பஞ்சாங்கம் பார்க்காமல் ஒன்றும் ஓடாது. நல்ல நேரம் வராமல் புதுச் சப்பாத்துக்குள்கூடக் கால் வைக்கமாட்டார். ஆட்கள் நகரத்து வீடுகளுக்குப் போய்விடுகிற குளிர்காலத்தில் குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்க மூன்று வரிசைக்கும் தண்ணீரை மூடிவைத்து, சித்திரையில்தான் திறப்பார்கள். அதைத் துவங்குவதும் வருசப்பிறப்பன்று நல்ல நேரத்தில்தான் நடக்கவேண்டும்.

இந்த வருடம் வைகாசி பிறந்து ஆட்கள் எல்லோரும் வந்து சேர்ந்ததும் கீழ் வரிசையிலிருந்து முறைப்பாடு வரத் தொடங்கியது. ஒரு வீட்டில் மட்டும் குழாயைத் திறந்தால் குறையில்லை. நான்கு வீட்டில் திறந்தால் எல்லோருக்கும் நூல்போலத்தான் வந்தது. விஜிதரன் பதினைந்து வீட்டுச் சவரையும் ஊறவைத்தார். குழாய்வாய்ச் சல்லடைகளைக் கழற்றித் தேய்த்தார். குழாயில் காதை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டார். கொப்பியைப் புரட்டி, மேல் வரிசை திறந்தது, நடு வரிசை திறந்தது, கீழ் வரிசை திறந்தது என்று தன் கையால் போட்ட சரி அடையாளங்களையும் பார்த்தார். பிளம்பர் ஒருவர் ஆளரவமில்லாத காலைநேரத்தில் வந்து அளந்துபார்த்து, அமுக்கம் சரி, நிலத்துக்குள் குழாய்தான் பழுதாகியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி பிரென்னர் திங்கட்கிழமைக்கு மண்வெட்டும் இயந்திரம் சொல்லிவிட்டார்.

அந்தக் குழாய் போவது கீழ் வரிசையில் இருக்கும் ஃபிராவ் ஆம்மனின் சிவப்புப் பெரிப்பழப் பற்றைகளுக்கு அடியில். ஏரி ஓரமாக ஒன்பது பற்றை, இருபது வருடத்து வேர். காய்கள் இன்னும் பச்சை. ஆடி மாதம்வரை பொறுக்கலாமா என்று மட்டும் அந்த அம்மா கேட்டார். இயந்திரம் பொறுக்காது என்றார் பிரென்னர். அந்த அம்மா மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட்டு உள்ளே போனதுதான் விஜிதரனுக்குத் தாங்கவில்லை. சண்டை பிடித்திருந்தாலாவது அன்று சோறு இறங்கியிருக்கும்.

சனிக்கிழமை பின்னேரம் அவர் மனைவி மனோகரி ஹொட்டேல் வேலை முடிந்து வந்து, போனில் இடமில்லை என்று பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, வருசப்பிறப்பு வீடியோ ஒண்டு கிடக்கு. நீங்கள் தண்ணி திறக்கிறது. அழிக்கட்டோ?"

"பொறும், ஒருக்காக் காட்டும்."

வேட்டிக்கு மேலே குளிர் ஜக்கெற் போட்ட விஜிதரன், கீழ் வரிசையின் நிலத்து மூடியைத் திறந்து, வால்வைத் திருகும் நீண்ட திறப்பை உள்ளே விட்டுச் சுற்றுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கையெடுத்துக் கும்பிடுகிறார். "காணும், நல்ல நேரத்துக்குத் துவங்கியாச்சு. மிச்சத்தைப் பிறகு பாருங்கோ, பொங்கின புக்கை ஆறுது" என்கிறது மனோகரியின் குரல். வீடியோ முடிகிறது.

மூன்று தரம் போட்டுப் பார்த்தார். மூன்று தரமும் நான்குதான். அந்த வால்வு முழுதாகத் திறக்கப் பதினான்கு சுற்று வேண்டும். புக்கை சாப்பிட்ட கையோடு கொப்பியில் கீழ் வரிசைக்குச் சரி போட்டவர், அடுத்தநாள் மற்ற இரண்டு வரிசையையும் முழுதாகத் திறந்தார். கீழ் வரிசைதான் ஏற்கெனவே சரியாயிற்றே.

"மனோ, மிச்சம் பத்து எங்க?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வெயில் சாயுமுன் திறப்போடு ஓடினார். பத்துச் சுற்று. நிலத்துக்குள் தண்ணீர் உறுமிக்கொண்டு போவது ஸ்குரூ டிரைவரின் உதவியில்லாமலே கேட்டது. நான்கு வீட்டுக் குழாயைத் திறந்துவிடச் சொல்லி, கடைசி வீட்டில் வாளியை வைத்தார். நாற்பத்தொரு வினாடி. சந்தோஷம்தான், ஆனால் வெட்கமும் கூடவே வந்தது. ஹெர் விஜி பிழை விடமாட்டார் என்று பதினொரு வருடமாக இந்த ஆட்கள் சொல்லிவந்ததை அவர் ரசித்துக் கேட்டவர்.

"ஊத்தை அடைச்சது, எடுத்துப்போட்டன் எண்டு சொல்லுங்கோவன். ஆர் கண்டது?" என்றார் மனோகரி.

"நீர்தானே வீடியோ எடுத்தனீர்."

ஞாயிறு காலை பிரென்னர் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே முழுவதையும் கேட்டார். முகம் சிவந்தது. பிறகு போனை எடுத்து இயந்திரத்தை வரவேண்டாம் என்றார். கடைசியில், இது வெளியில் தெரிந்தால் கோடைகாலம் முழுக்க இதுதான் கதையாக இருக்கும், கொப்பியில் வழக்கம்போலச் சுண்ணாம்பு என்று எழுதிவிடு என்றார். அதில் அன்பும் இருந்தது.

விஜிதரன் வாசலுக்கு வந்து கொப்பியை ஆணியிலிருந்து எடுத்தபோது, பாண் பையோடு ஃபிராவ் ஆம்மன் வந்தார். பற்றைகளை யாரும் தொடமாட்டார்கள் என்று விஜிதரன் சொன்னதும், அந்த அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, அப்படியானால் என்னதான் காரணம் என்று கேட்டார்.

விஜிதரன் பேனையைத் திறந்தார். செய்த வேலை என்ற நிரலில் 'பத்துச் சுற்று' என்று எழுதினார். காரணம் என்ற நிரலில் தன்னுடைய முழுப்பெயரை எழுதி, கொப்பியை அந்த அம்மாவிடம் நீட்டினார். ஃபிராவ் ஆம்மனுக்குக் கண் கொஞ்சம் மங்கல். அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டுவதைப் பார்த்த விஜிதரன், கொப்பியை வாங்கி, அந்தப் பெயரின் மேலேயே இன்னொருமுறை தடிப்பாக எழுதி, பக்கத்தை விரித்தபடியே ஆணியில் மாட்டினார்.