இருமல் இல்லாத குப்பம்

எண்ணூர்க் கடலோரக் குப்பத்தில் எந்த வீட்டில் யார் இருமுகிறார்கள் என்பது பவானிக்கு அத்துப்படி. பிறந்ததும் அங்கேதான், வாக்கப்பட்டதும் அங்கேதான். மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்றடித்தால் தெருவே இருமும். ஆனால் ஒரு கல்லூரியின் கணக்கெடுப்புக்காக அவள் வீடு வீடாகப் போய் நிரப்பிய அறுபத்திரண்டு பாரங்களிலும் ஒரே பதில்தான்: மூச்சுத்திணறல் இல்லை.

அவர்கள் சொன்னதைத்தான் எழுதினாள். கல்யாண வயசில் பெண்ணை வைத்துக்கொண்டு எந்தத் தாய் வாயைத் திறப்பாள்? தன் வீட்டுப் பாரத்திலும் அதையேதான் எழுதினாள்.

கணக்கெடுப்புக்கு முந்தைய பயிற்சியின்போது அந்தக் கல்லூரியின் சமூகவியல் வாத்தியார் ஹென்றியிடம் ஒருத்தி கேட்டாள்: "ஜனங்க சொல்றத எழுதினா அறிவியலாயிடுமா சார்?"

"வேற ஆள் போய்க் கேட்டாலும் அதே பதில் வந்தா அறிவியல்தான். அதுக்குத்தான் சில வீடுகள்ல மறுபடி கேப்போம்."

அன்று தலையாட்டிய பவானி, நவ்ரீன் என்கிற பெண் மறுபடி கேட்கக் குப்பத்துக்குள் வந்துவிட்டாள் என்றதும் மகளை உள்ளே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். அந்த நவ்ரீன் கடைசியாக வந்து நின்றது பவானி வீட்டு வாசலில்.

எதிரே குழாயடியில் சொக்கம்மாள் குடம் வைத்திருந்தாள். அவள் அண்ணன் மகனுக்குத்தான் பவானியின் மகள் வினிதாவைப் பேசியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம்.

"வீட்ல யாருக்காவது மூச்சுத்திணறல் இருக்காக்கா?"

பவானி குழாயடியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். உள்ளே வினிதாவுக்குக் காலையிலிருந்தே மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது மட்டும் இருமிவிடாதேடி என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

நவ்ரீன் குறித்துக்கொண்டாள். "கேட்ட எல்லா வீட்லயும் அதே பதில்தான்க்கா. சார் உங்களை ரொம்ப மெச்சிக்குவார்."

அவள் நகர்ந்தாள். உள்ளே சத்தமே இல்லை. இருமல் வந்துவிடுமோ என்று பயந்தவள், வரவில்லையே என்று இப்போது பயந்தாள். கதவைத் தள்ளினாள். வினிதா துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு சுவரோரம் சரிந்து கிடந்தாள். உதடு கறுத்திருந்தது.

துணியைப் பிடுங்கி எறிந்தாள். புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த இன்ஹேலரை எடுத்து மகள் வாயில் வைத்து அழுத்தினாள். மூன்றாவது முறைதான் மூச்சு திரும்பியது. பவானி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு இன்ஹேலரைக் கையில் பிடித்தபடியே தெருவுக்கு ஓடிவந்தாள்.

"யம்மா, நில்லு! என் வூட்ல கீதும்மா. ஆறு வருசமா கீது. அத அடிச்சிட்டு எழுதிக்கோ."

நவ்ரீன் திகைத்தாள். "அப்ப மத்த வீடெல்லாம்?"

"அத நான் சொல்ல மாட்டேன். குழாயாண்ட யாரும் இல்லாதப்போ வந்து இன்னொரு தபா கேட்டுப் பாரு."

சொக்கம்மாளின் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்காமல் பவானியின் கையிலிருந்த இன்ஹேலரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.