கப்பல் கயிறும் என் கூரையும்

1. கூண்டு ஏற்றிய காலை

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். அன்று என்னைத் தேடி நாலு பேராவது வந்திருக்க வேண்டும். ஒருவரும் வரவில்லை.

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் ராயபுரத்தில் ஓடு போடும் மேஸ்திரி. ஐப்பசி பிறந்தால் கல்மண்டபம் முதல் தண்டையார்பேட்டை வரை என்னைத்தான் கூப்பிடுவார்கள். உடைந்த ஓட்டை மாற்றி, மேலே மூங்கில் வைத்து, நார்க்கயிற்றால் கட்டிக் கொடுப்பேன்.

இப்போது எல்லாரும் காதரிடம் போனார்கள். காதர் எங்கள் தெருக்காரன். துறைமுகத்தில் கப்பலை இழுத்துக் கட்டுகிற கலாசி. அவனுக்கு ஒரு ஓட்டை ஒழுங்காக அடுக்கத் தெரியாது. கழித்துப்போட்ட கப்பல் கயிற்றைக் கூரைக்குக் குறுக்கே போட்டு, இரண்டு பக்கமும் மண்ணில் முளை அடித்துக் கட்டிவிட்டுப் போவான். அவ்வளவுதான் அவன் வேலை. ஆனால் போன புயலில் அவன் கட்டிய வீடு ஒன்றுகூடப் போகவில்லை. நான் கட்டியதில் இரண்டு போயிற்று. இதை மறைத்து என்ன பிரயோசனம்?

உப்பு ஆபீஸ் குமாஸ்தா பல வருஷமாக என் வாடிக்கை. அவர் வீட்டுக்கும் காதர் கயிறு போட்டிருந்தான். போய்ப் பார்த்தேன். கயிறு தொய்ந்து கிடந்தது.

"இன்னா சார் இது, துணி காயப்போடவா கட்டிட்டுப் போயிக்கீறான்?" என்றேன்.

"உனக்கு வயித்தெரிச்சல் மேஸ்திரி. போய் உன் வீட்டைப் பாரு" என்றார் குமாஸ்தா.

வயிற்றெரிச்சல்தான். இல்லை என்று சொல்லவில்லை.

2. என் வீடு

என் பெண்சாதி முனியம்மாள் பிள்ளை பெற்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. எழுந்து நடமாடவே சிரமப்பட்டாள்.

"காதர் அண்ணன இட்டாந்து நம்ம வூட்டுக்கும் ஒரு கவுறு போடச் சொல்லேன். பச்சப்புள்ள கீது" என்றாள்.

"ஓட்டு மேஸ்திரி வூட்டக் கப்பக்காரன் வந்து கட்டணுமா? தெருவே சிரிக்கும்."

"சிரிச்சிட்டுப் போவுது. தலைக்கு மேல ஓடு நின்னா போதும்."

அது எனக்கு உறைத்தது. அவனைக் கூப்பிட மனம் வரவில்லை. அவன் கயிறு வாங்குகிற பழைய சாமான் கடையிலேயே அதே கயிற்றை வாங்கி வந்தேன். கூரைக்குக் குறுக்கே நாலு வரிசை போட்டேன். முளையில் காலை உதைத்துக்கொண்டு, பலம் கொண்ட மட்டும் இழுத்துக் கட்டினேன்.

வேலைக்குப் போகிற வழியில் காதர் நின்று பார்த்தான்.

"இன்னா மேஸ்திரி, இப்டி இசுத்துக் கட்டிக்கீறே? வுட்டுக் கட்டு நைனா. ஒரு சாண் தொங்கட்டும். தண்ணி பட்டா கவுறு சுருங்கும்."

எங்கள் தொழிலில் நார்க்கயிற்றை ஊறவைத்துத்தான் கட்டுவோம். காய்ந்தால் இறுகும், நனைந்தால் தளரும். பத்து வயதிலிருந்து அதைப் பார்த்து வருகிறேன். இவன் தலைகீழாகச் சொல்கிறான். தன் கட்டு நிற்க வேண்டும், என் கட்டு அவிழ வேண்டும் என்றுதான் சொல்கிறான் என்று நினைத்தேன்.

"ஒன் வேலைய நீ பாரு பாய்" என்றேன். அவன் தெருக்கோடியைத் தாண்டுவதற்குள் நாலு கயிற்றையும் இன்னும் ஒரு பிடி இறுக்கினேன்.

3. மழை முதலில் வந்தது

பகல் பதினோரு மணிக்கு மழை பிடித்தது. காற்று அப்போது பெரிதாக இல்லை. ஓரத்து ஓடுகள் படபடவென்று உடைகிற சத்தம் கேட்டு வெளியே வந்தேன். கயிற்றைத் தொட்டால் இரும்புக் கம்பி மாதிரி இருந்தது. முடிச்சு நனைந்து இறுகிப் போனதால் அவிழ்க்கவும் முடியவில்லை. கத்தி எடுக்க உள்ளே ஓடினேன். திரும்பி வருவதற்குள் கடல் பக்கத்து முளைகள் மணலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. கூரைமேல் வைத்திருந்த மூங்கில் உருண்டது. அதன் பிறகுதான் காற்றே வந்தது. பிடிப்பில்லாத கூரையை அது வாரிக்கொண்டு போயிற்று.

முனியம்மாள் பிள்ளையோடு கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். ஓடு விழுந்து கட்டில் சட்டம் உடைந்தது. துறைமுகத்தில் வேலையை நிறுத்திவிட்டதால் காதர் வீட்டில்தான் இருந்தான். ஆறு வீடு தள்ளியிருந்து சாக்கைப் போர்த்திக்கொண்டு ஓடிவந்தான். பிள்ளையை அவன் வாங்கிக்கொண்டான். நான் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

அவன் வீட்டுக் கூரையைப் பார்த்தேன். காலையில் தொங்கிய கயிறு இப்போது ஓட்டோடு படிந்து நின்றது. ஒரு ஓடு அசையவில்லை. அவன் பெண்சாதி அடுப்புக்குப் பக்கத்தில் பாய் விரித்து முனியம்மாளைப் படுக்கவைத்தாள்.

"வுட்டுக் கட்டச் சொன்னேனே, மேஸ்திரி" என்றான் காதர். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

4. பிறகு

அடுத்த வருஷம் முதல் நானும் கப்பல் கயிறு போட்டேன், ஒரு சாண் விட்டு. நானே கண்டுபிடித்த முறை என்று எல்லாரிடமும் சொன்னேன். ஒருநாள் குமாஸ்தாவிடம் அப்படி அளந்துகொண்டிருந்தபோது காதர் வாசலில் நின்று கேட்டுவிட்டான்.

"மேஸ்திரிக்குத் தெரியாததா சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்காகவும் அவன்மேல் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவன் சாகிறவரை அது போகவில்லை.

ஓடு போட வருகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். நார்க்கயிறு என்றால் ஊறவைத்து இறுக்குங்கள். கப்பல் கயிறு என்றால் ஒரு சாண் விட்டுக் கட்டுங்கள். இதை எனக்குச் சொன்னவன் காதர்.