டெல்லிப் பனியில் சூரியநெல்லி டிரைவர்

என் வீட்டுக்காரர் சூரியநெல்லி மலையில் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர். பனி இறங்கினால் நான் வெள்ளைத் தோர்த்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் நடக்கணும். அந்தத் துண்டைப் பார்த்தே பின்னால் ஓட்டி வருவார். வீடு சேர்ந்ததும், "ஒத்த ஆளா வண்டியக் கொண்டாந்துட்டேன்"னு பெருமை வேறு. அடப்பாவி, அப்ப நான் யாரு?

போன ஜனவரியில் கொச்சியிலிருந்து டெல்லிக்குப் பறந்தோம். அங்கே நர்ஸாக இருக்கும் மகளுக்கு அன்றைக்குப் பிரசவ ஆபரேஷன். எத்தனையோ பேரைத் தைரியம் சொல்லி உள்ளே அனுப்பினவள்தான். தனக்கென்று வந்ததும், "அம்மா மூஞ்சியப் பாக்காம தியேட்டருக்குள்ள போமாட்டேன்"னு ஒரே அடம்.

டெல்லிக்கு மேலே விமானம் சுத்துது, சுத்துது, இறங்கக் காணோம். கீழே பனி, ஜெய்ப்பூருக்குத் திரும்புகிறோம் என்று அறிவித்தார்கள். இவர் உடனே பணிப்பெண்ணைக் கூப்பிட்டார். மலையாளிப் பொண்ணு.

"மோளே, கீழ ஒருத்தன் வெள்ளைத் துணியோட முன்னால ஓடினாப் போதுமே!"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். இந்த அளவு பனியில் இறக்க பைலட்டுக்குத் தனிப் பயிற்சி வேணுமாம், அதற்குத் தனிப் பரீட்சையாம். இன்றைக்கு ஓட்டுகிற கேப்டன் அதை இன்னும் முடிக்கலையாம்.

"என்னது, லைசென்ஸ் இல்லாமலா இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்தாரு?"

இவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வரிசைக்காரர்கள் ஜெபமாலையை எடுத்துவிட்டார்கள். லைசென்ஸ் இருக்கு, இந்தப் பனிக்கு மட்டும்தான் அனுமதி இல்லைன்னு புரிய வைப்பதற்குள் அந்தப் பொண்ணுக்கு வேர்த்துப் போச்சு. எனக்கும் அந்தக் கேப்டன் மேல் ஆத்திரம்தான். என் பிள்ளை அங்கே எனக்காகக் காத்துக் கிடக்கிறாளே!

ஜெய்ப்பூரில் இறங்கியதும் போன் அடித்தது. மகள்தான், ஜெய்ப்பூர் என்றதும் ஒரே அழுகை. "ஏம்மா இங்க எறக்கல?"

"தனக்குப் பழக்கமில்லாததுல கைய வைக்கமாட்டேன்னுட்டாரு அந்தப் புண்ணியவான். அதான் உன் அம்மா முழுசா உக்காந்து பேசுறேன். உன் டாக்டருக்கு இது பழகின வேலைடி. போ தாயி, உள்ள போ."

சொல்லும்போதே கேப்டன் மேலிருந்த கோபம் எங்கேயோ போய்விட்டது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரிம்மா" என்றாள். போனை வைத்ததும் இவர் தோளில் சாய்ந்து நன்றாக அழுதேன்.

பனி விலகி, நாங்கள் மறுபடி கிளம்புவதற்குள் மருமகன் கூப்பிட்டுவிட்டார். எங்களுக்கு முன்னாடியே பேத்தி டெல்லியில் வந்து இறங்கிவிட்டாள்.