அக்காவின் கிட்னியும் என் காலும்

எனக்குள் இருக்கும் சிறுநீரகம் என் அக்காவுடையது. கொடுத்துச் சில வருடங்களாகியும் அது எனக்கே சொந்தம் என்று அவள் ஒப்புக்கொண்டதில்லை. ராயக்கோட்டையிலிருந்து தினமும் போன் செய்வாள். "என் கிட்னி எப்படி இருக்குது?" என்பாள். அப்புறம்தான் நான் சாப்பிட்டேனா என்ற விசாரணை.

ஓசூரில் வண்டி உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. வந்த சிறுநீரகத்தை உடம்பு அந்நியமென்று தாக்காமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை நாள் தவறாமல் விழுங்குகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்த மாமாவுக்குக் கைகொடுக்கப் போனேன். உடைந்த பிளாஸ்டிக் தக்காளிப் பெட்டி ஒன்று முழங்காலுக்குக் கீழே கீறிவிட்டது. கழுவி மருந்து போட்டேன். காய்ச்சலில்லை, சீழில்லை. புதன்கிழமை ஷூ மாட்டக் குனிந்தபோது கால் வீங்கிப் பளபளத்தது. கீறலைச் சுற்றித் தோல் கருத்திருந்தது.

"காய்ச்சல் இல்லையேன்னு இருந்துட்டேன் மேடம்," என்றேன் ஆஸ்பத்திரியில்.

"காய்ச்சல் வரணும்னா உடம்பு சண்டை போடணும். அதை நாங்கதான் மாத்திரை குடுத்துத் தூங்க வெச்சிருக்கோமே," என்றார் டாக்டரம்மா.

அன்றே செத்த தசையை வெட்டியெடுத்துவிட்டு, புண்ணைத் தைக்காமல் திறந்தே வைத்தார்கள். என்ன கிருமி என்று பார்க்க ஒரு துணுக்கு லேபுக்குப் போனது. ஆன்டிபயாட்டிக் சொட்டுச் சொட்டாக ஏறியது. கட்டு மாற்ற வரும் கன்னட நர்ஸ் "நோவு இதியா?" என்று வலியை விசாரித்துக்கொண்டே துணியை உருவிவிடுவார். பதில் சொல்ல எனக்கு எந்த மொழியும் வராது.

மறுநாளும் புண் பரவியிருந்தது. "அந்த மாத்திரையில ஒண்ணைக் கொஞ்ச நாள் நிறுத்தணும்," என்றார் டாக்டரம்மா.

பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள். "நிறுத்துனா கிட்னி என்ன ஆவும்?"

"ஆபத்துதான். தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்துக்குவோம்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அவள் கொடுத்ததைத் தொலைக்கப் போகிறேன் என்றே தோன்றியது.

"நிறுத்துங்க மேடம்," என்றாள் அக்கா. "இவனில்லாம அது மட்டும் இருந்து என்ன பண்ணப்போவுது?"

அதன்பின் தினமும் காலையில் நர்ஸை வழிமறித்து, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கிட்னி பழுதானால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் அளவை விசாரிப்பது அவள் வேலையானது. அது சற்றே ஏறி, பயமுறுத்திவிட்டு, நின்றுகொண்டது. லேப் சொன்ன கிருமிக்கேற்ப மருந்தை மாற்றினார்கள். புண்ணின் அடியில் சிவந்த தசை வளரத் தொடங்கியது. நிறுத்திய மாத்திரையை மெதுவாக மறுபடி ஆரம்பித்தார்கள். பிறகு என் தொடையிலிருந்து தோலெடுத்து அந்த இடத்தில் ஒட்டினார்கள்.

"பரவால்ல, தோலாவது உன்னோடதையே போட்டாங்க," என்றாள் அக்கா.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று அவள் என்னைத் தன் ஊருக்கே கூட்டிப்போனாள். சானமாவு காட்டருகே யானைகள் ரோட்டைக் கடப்பதாகச் சொல்லி வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் இறங்கிப் போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அக்கா இறங்கவில்லை. "காலைத் தொங்கப் போடாத, வீங்கும்," என்று தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.