எதிரணியின் தாள்

பனிப்போருக்குப் பெரிதும் காரணம் அமெரிக்காவா, சோவியத் ஒன்றியமா என்று ஒரு பட்டிமன்றம். பேசுகிறவர்களுக்கு வயது பதினைந்து. சமூக மன்றத்தின் தமிழ்க் குழுவுக்குத் தலைப்புப் பஞ்சம் வந்த வருடம் அது. கூட்டுக்குடும்பமா தனிக்குடும்பமா என்று கேட்டுக் கேட்டு அவர்களுக்கே அலுத்திருக்க வேண்டும். உயர்நிலை மூன்றில் வரலாறு படிக்கிற பிள்ளைகளாகப் பார்த்துப் பிடித்து இரண்டு அணியாகப் பிரித்தார்கள். அமெரிக்காவே என்ற அணிக்கு நான் தலைவி. சோவியத்தே என்ற அணிக்கு என் பெரியம்மா மகள்.

என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். அதற்காக அக்கா என்று கூப்பிடச் சொல்லி அவள் செய்த அட்டூழியம் கொஞ்சமல்ல. ஆங் மோ கியோ அடுக்குமாடிப் பேட்டையில் எங்களுக்கு அடுத்த புளோக்கில் இருந்தார்கள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அம்மா மருத்துவமனையில் தாதி, அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. பள்ளி விட்டு வந்தால் வீட்டில் மின்விசிறியும் நானும்தான். ஆறு மணிக்கு அவள் வந்து கேட்டை உலுக்கும்வரை நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். பள்ளியிலும் எனக்கு வேறு தோழிகள் கிடையாது. அவள் ஒருத்தி போதும் என்று இருந்துவிட்டேன்.

முதல் வாரம் ஒன்றாகவே உட்கார்ந்து தயார் செய்தோம். பாடமெல்லாம் ஆங்கிலத்தில், பேச வேண்டியதோ தமிழில். எனக்குத் தமிழ் எப்போதும் தகராறு. அவள்தான் சொல் எடுத்துக் கொடுத்தாள். ஜெர்மனியை அடித்து முடிக்கும்வரை இரண்டு நாடும் ஒரே பக்கம் நின்றன, எதிரி விழுந்ததும் ஒன்றையொன்று பார்த்து மிரள ஆரம்பித்தன என்று படித்தபோது, "ரெண்டும் லூசு லா" என்றாள். விழுந்து விழுந்து சிரித்தோம்.

பிறகு ஒருநாள் அவள் எட்டிப் பார்த்தபோது என் கை தானாகத் தாளை மறைத்தது. இல்லை, அவள்தான் முதலில் மறைத்தாள். இன்றைக்குக் கேட்டாலும் அவள் என்றுதான் சொல்வேன். மறுநாள் அவள் மடிக்கணினிக்குக் கடவுச்சொல் போட்டாள். நான் என் குறிப்பேட்டை உடுப்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் சோபாவின் அந்தக் கோடிக்கு நகர்ந்தாள். நான் சாப்பாட்டு மேசைக்கே போய்விட்டேன். கடைசியில், "எல்லாம் முடியட்டும், அப்புறமா வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். போகாதே என்று சொல்லத்தான் நினைத்தேன். வாய் மட்டும், "சரிதான் போடி" என்றது.

அதன்பின் வந்த பத்து மாலைகளை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தேன். கூட்டாளிக்குச் சொல்லாமலே அமெரிக்கா அணுகுண்டு செய்தது. அது தெரிந்த சோவியத் தானும் ஒன்று செய்தது. இது பெரிதாகச் செய்ய, அது அதைவிடப் பெரிதாகச் செய்தது. எல்லாம் மனப்பாடம். கேட்கத்தான் ஆள் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று, "அவையோர்களே" என்று என்னையே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அழுகையாக வரும். அவள் எனக்கு எதிராகத்தானே படித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தவுடன் நின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்தால் கதவிடுக்கில் ஒரு தாள். அவளுடைய உருண்டைக் கையெழுத்து. அவள் பேசப்போகும் நான்கு வாதங்களும் வரிசையாக, அடிக்கோடு போட்டு. போலந்தில் தேர்தல் நடத்துவதாகச் சொன்ன வாக்கைக் காப்பாற்றாதது, கிழக்கு ஐரோப்பாவை விழுங்கியது, போரில் நொறுங்கிய நாடுகளுக்கு அமெரிக்கா கொடுத்த உதவியைத் தானும் மறுத்து அண்டை நாடுகளையும் வாங்கவிடாமல் தடுத்தது, பெர்லினுக்குப் போகும் வழியை அடைத்தது. அடியில், "படிச்சுப் பாரு" என்று இரண்டே சொல்.

எதிரணித் தலைவி எதற்குத் தன் பேச்சை என்னிடம் கொடுக்க வேண்டும்? அத்தனையும் பொய்யாக இருக்கும், என்னைத் திசைதிருப்பப் பார்க்கிறாள் என்று முதலில் நினைத்தேன். இல்லை, இவ்வளவு இருக்கிறது பார் என்று மிரட்டுகிறாள் என்று அப்புறம் தோன்றியது. எப்படியானாலும் இருக்கட்டும் என்று நான்குக்கும் பதில் எழுதினேன்.

சனிக்கிழமை மாலை அவளே வந்தாள். நான் கேட்டைத் திறக்கவில்லை.

"படிச்சியா?"

"எதை?" என்றேன்.

கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். "ஒண்ணுமில்ல" என்று லிஃப்ட் பக்கம் போய்விட்டாள்.

ஞாயிறு மதியம் பட்டிமன்றம். முதலில் பேசும் வாய்ப்பு எனக்கு விழுந்தது. "எதிரணித் தலைவி எழுந்து வந்து நான்கு விஷயம் சொல்வார்" என்று ஆரம்பித்து, அவள் எழுதியிருந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக எடுத்து உடைத்தேன். மூன்றாவதுக்கு வந்தபோது, "சோழியன் குடுமி சும்மா ஆடுமா? கேட்காமலே உதவி என்று கையை நீட்டுகிறவனை எப்படி நம்புவது?" என்றேன். அம்மாடி, என்ன கைத்தட்டல்! அப்பா வேலைக்கு விடுப்பு எடுத்து வந்திருந்தார். எழுந்து நின்று தட்டினார்.

அவள் வந்தாள். வணக்கம் சொன்னாள். தாளைப் பார்த்தாள், சபையைப் பார்த்தாள். "எனக்கு முன் பேசியவர் என் பேச்சையும் சேர்த்துப் பேசிவிட்டார்" என்றாள். சபை கொல்லென்று சிரித்தது. அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். நடுவருக்கு அன்றைக்கு ஒரே குஷி. இரண்டு பேர் மேலும்தான் தப்பு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, சிறந்த பேச்சாளர் கோப்பையை என்னிடம் கொடுத்தார்.

எல்லோருமாக ஃபேரர் பார்க்கில் ஒரு கடைக்குத் தோசை சாப்பிடப் போனோம். கோப்பையை மேசை நடுவில் வைத்திருந்தேன். அவள் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"உன் தாளை நீ எடுத்துட்டு வருவேன்னு ரெண்டு நாளா காத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். "ரெண்டு பேரும் காட்டிட்டா அப்புறம் ஒளிக்க ஒண்ணும் இருக்காதுல்ல."

தோற்றவள் சொல்கிற சாக்கு என்று நினைத்தேன். ஜெயித்த மிதப்பில் எனக்கு அப்படித்தான் கேட்டது.

"நான் வேற என்ன பண்ணியிருந்தா நீ நம்பியிருப்பே?"

"எதிரணியைப் போய் யாராவது நம்புவாங்களா?" என்றேன். பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்தார். பட்டிமன்றம் இன்னும் ஓடுகிறது என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் பதில் தெரிந்துகொள்ள நிஜமாகவே கேட்டாள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அவள் தோசையைப் பாதியில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. அடுத்த புளோக்தான், நான்கு நிமிட நடை. நானும் போகவில்லை. முதலில் அவள்தானே வர வேண்டும் என்று காத்திருந்தேன்.