சுமைதாங்கிக்குச் சங்கிலி

எங்கள் கம்பெனி ஒரு சுமைதாங்கிக் கல்லைத் தத்து எடுத்துக்கொண்டது. சிரிக்காதீர்கள். அந்தத் தீர்மானத்தை கார்பன் வைத்து டைப் அடித்தவள் நான்தான். அடிக்கும்போதே எனக்கு எங்கேயோ இடித்தது.

எழுபதுகளின் கடைசி அது. கும்மிடிப்பூண்டியில் கல்கத்தா ரோட்டை ஒட்டி இரும்புக் கம்பி ஆலை ஒன்று புதிதாக வந்திருந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங் லோயர் பாஸ். எங்கள் குப்பத்திலிருந்து ஆபீஸ் வேலைக்குப் போன முதல் பெண். அப்பா பழவேற்காட்டு ஏரியில் பிடிப்பதை அம்மா தலையில் சுமந்துபோய் பஜாரில் விற்பாள். மீன்காரி மகள் என்று ஆபீசில் யாராவது மூக்கைச் சுளித்தால், "ஊட்டுக்கு எறா வேணுமா வேணாமா, அத்த மட்டும் சொல்லுங்க" என்பேன். சுளித்த மூக்கு உடனே நேராகிவிடும்.

அந்தக் கல், குப்பத்துப் பாதை பெரிய ரோட்டில் வந்து சேரும் இடத்தில், ஆலை வாசலுக்கு எதிரே இருந்தது. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு பலகைக்கல், அவ்வளவுதான். ஆள் கழுத்து உயரம் இருக்கும். நிறைகூடையை ஒருத்தியாகத் தரையில் இறக்க முடியாது. இறக்கினாலும் மறுபடி தலைக்கு ஏற்ற இன்னொரு கை வேண்டும். கல் இருந்தால் யார் தயவும் வேண்டாம். முட்டியை லேசாக மடக்கித் தலையைச் சாய்த்தால் கூடை கல்லுக்குப் போய்விடும். தண்ணீர் குடித்து, வெற்றிலை போட்டு, ஊர் வம்பை ஒரு கை பார்த்துவிட்டுக் கழுத்தைக் கொடுத்தால் தலைக்கு வந்துவிடும். ஏரிக்கரையிலிருந்து நடந்தே வருகிற எங்கள் பெண்களுக்கு வழியில் வேறு ஆதரவு கிடையாது.

மெட்ராஸிலிருந்து வந்த முதலாளி காரை நிறுத்தி இந்தக் கல்லைப் பார்த்தார். பார்த்ததோடு விட்டிருக்கலாம். உருகிவிட்டார். நம் பண்பாடு, நம் தாய்மார்கள் என்று ஆரம்பித்து, இதன் மேல் ஒரு கலைப்படைப்பு வைத்தே தீரவேண்டும் என்று முடித்தார். தாடி வைத்த சிற்பி ஒருவர் வந்தார். எங்கள் ஆலைக் கழிவு இரும்பையே வெட்டி ஒட்டி, தலையில் சுமையோடு நிற்கும் ஒரு பெண்ணைச் செய்தார். அதற்குப் பெயரும் 'சுமை'. பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தாள். இடுப்பை ஒடித்து, ஒரு கையை உயர்த்தி, எங்கள் குப்பத்து நடையை எங்கே பார்த்தாரோ, அப்படியே பிடித்திருந்தார்.

அவளைப் பலகைக்கல்லின் மேல் நிறுத்தி, சிமெண்டு வைத்துப் பூசி, சுற்றிலும் தூண் நட்டுச் சங்கிலி மாட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மேனேஜரிடம் போனேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயது.

"சார், அது மேல கூடை வெப்பாங்க சார்."

"இனிமே பக்கத்துல வச்சுக்கட்டும்."

"பக்கத்துல தரைதான் சார் இருக்கு."

"அப்ப தரையில வைக்கட்டும்."

கெட்ட மனிதர் இல்லை. டிபன் கேரியருக்கு மேல் கனமாக எதையும் தூக்கிப் பழகாதவர். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "பாத்துக்கலாம் கண்ணு" என்றாள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். அப்பா சாராயம் குடித்துவிட்டு வந்த நாட்களில் கேட்டிருக்கிறேன்.

திறப்பு விழாவுக்கு ஷாமியானா, மைக், கேசரி எல்லாம் இருந்தது. முதலாளியின் நண்பர் ஒருவர் பேசினார். அந்தக் காலத்து மேடைத் தமிழ் எப்படி இருக்கும் என்று தெரியுமே, மூச்சு விட மாட்டார்கள். "வயிற்றில் பிள்ளையைச் சுமந்தபடியே மாண்டுபோன மங்கைக்காக, அவள் இறக்க முடியாத சுமைக்கு ஈடாக, ஊரார் சுமையெல்லாம் இறங்கட்டும் என்று நம் முன்னோர் நட்ட கல் இது" என்றார். முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. அந்த நேரம் பார்த்து அம்மா வந்தாள். பின்னாலேயே வரிசையாக மற்றவர்களும். எல்லார் தலையிலும் நிறைகூடை. சங்கிலிக்கு வெளியே வந்து நின்றார்கள்.

அம்மாவுக்குக் கிட்டத்தில் நின்றவர் மேனேஜர்தான். "இன்னா நைனா இது, எங்க கல்லுல எவளையோ ஏத்தி வெச்சிக்கிறீங்க?"

"அம்மா, பேச்சு நடக்குது."

"நடக்கட்டும் நைனா. கழுத்து நோவுது. ஒரு கை குடு."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். யாரும் வருவதாக இல்லை. சட்டைக் கையை மடித்துவிடக்கூட நேரமில்லாமல் கூடையைப் பிடித்து இறக்கினார். மீன் தண்ணீர் முழங்கை வழியாக ஓடி கைக்கடிகாரத்துக்குள் போனது. நிமிர்ந்தால் அடுத்த கூடை. அது இறங்கினால் அதற்கடுத்தது. கூட்டம் இதையும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டியது. முதலாளி மேடையிலிருந்தபடியே, "ரொம்ப இயற்கையா இருக்கே, யார் ஏற்பாடு?" என்று கேட்டார். மேனேஜர் அன்றைக்குக் கேசரி சாப்பிடவில்லை.

மறுநாள் அம்மா மற்றவர்களோடு நேராக ஆலை வாசலுக்கு வந்துவிட்டாள். வாட்ச்மேன் தடுத்தார்.

"கல்ல நீங்க எத்துக்கினீங்க. அப்போ இனிமே நீங்கதான் எங்களுக்குக் கல்லு. எறக்கு" என்றாள்.

"என் வேலை கேட்டைப் பாக்கறது."

"நாங்களும் கேட்டுலதான் நிக்கிறோம், பாரு."

பேஜாரு பிடித்த வாட்ச்மேன் உள்ளே ஆள் அனுப்பினார். அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. ஒருநாள் ஃபோர்மேன் வந்து இறக்குவார், ஒருநாள் ஸ்டோர்ஸ்காரர். அக்கவுண்டண்ட் இறக்க வந்தால் நண்டு வாங்காமல் திரும்பமாட்டார். வாசலிலேயே பேரம் நடந்தது. ஷிப்டு ஏறவேண்டியவர்கள் மடவை மீனின் செவுளைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து டைப்பில் எழுத்து மாறி விழுந்தது.

பிறகு ஒருநாள் அத்தை தனியாக வந்தாள். என் அப்பாவின் அக்கா, அம்மாவைவிட வயதில் பெரியவள். ஷிப்டு மாறும் சந்தடி ஓய்ந்து, வாட்ச்மேனும் டீ குடிக்கப் போயிருந்த நேரம், வாசலில் யாரும் இல்லை. எவ்வளவு நேரம் நின்றாளோ, தாங்க முடியாமல் தானே தரையில் இறக்கப் பார்த்திருக்கிறாள். கூடை ஒரு பக்கம் சரிய, கழுத்து மறுபக்கம் மடங்கிவிட்டது. இறால் அத்தனையும் ரோட்டில் கொட்டியது. எளாவூர் பக்கமிருந்து வந்த லாரி அதன் மேல் ஏறிப்போனது. நான் ஓடிப்போனபோது அத்தை கழுத்தைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கத் தலையைத் திருப்பக்கூட முடியவில்லை. விளையாட்டெல்லாம் அந்த இடத்தோடு போயிற்று.

கதவைத் தட்டாமல் மேனேஜர் அறைக்குள் போனேன். "சார், அந்தச் சிலை எங்க ஊரு பொம்பளைன்னுதானே பேசனாங்க? இரும்புப் பொம்பளைக்கு எடம் இருக்கு. உசுருள்ளவ ரோட்டுல உயுந்து கெடக்குறா. வந்து பாருங்க."

வந்து பார்த்தார். அத்தையைக் கம்பெனி ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: "முதலாளி ஆசைப்பட்டு வச்சது. அதை எடுன்னா, என்னை எடுத்துடுவாரு."

"எடுக்கச் சொல்லாதீங்க சார். துருப்பிடிக்குதுன்னு சொல்லுங்க."

அது பொய்யும் இல்லை. ஏரிக்காற்றின் உப்பு பட்டு, சிலையின் காலிலிருந்து கல்லின் மேல் செங்காவிக் கோடு இறங்க ஆரம்பித்திருந்தது. முதலாளிக்குக் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். 'அரிய கலைச்செல்வத்தைக் கடற்காற்றின் கொடுமையிலிருந்து காக்கும் பொருட்டு' என்ற வரி மட்டும் என் கைச்சரக்கு. முதலாளி மறுபடி உருகினார். உடனே ஆலைக்குள் கொண்டுபோய்ப் பாதுகாக்கச் சொல்லிப் பதில் வந்தது.

கிரேன் வந்தது. சங்கிலியைக் கழற்றி, சிமெண்டை உடைத்து, இரும்புக்காரியைத் தூக்கிக் கல்லுக்குப் பக்கத்தில் தரையில் நிறுத்தினார்கள். அம்மா அதற்காகவே காத்திருந்தவள் முட்டியை மடக்கித் தலையைச் சாய்த்தாள். கூடை கல்லில் உட்கார்ந்தது. கூடை அழுத்தாமலிருக்கத் தலையில் சுருட்டி வைத்திருந்த சும்மாட்டுத் துணியை எடுத்து உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் இரும்புக்காரியைக் கிட்டத்தில் பார்த்தாள். சுற்றி வந்து, எக்கி, சுமைக்கும் தலைக்கும் நடுவே விரலை விட்டுத் தடவினாள். இரும்பின் மேல் இரும்பு, நேராக ஒட்டியிருந்தது.

"சும்மாடு கூட இல்லாம ஏத்தி உட்டுக்கிறானே பாவி" என்றாள். பிறகு கிரேன்காரரிடம், "எங்க கொண்டுபோற இவள?"

"உள்ள தோட்டத்துல நிக்க வெப்பாங்கம்மா."

"சுமையோடயேவா?"

"ஆமா. வெல்டு வெச்சிது, வராது."

"வெட்டி எடுத்துடு நைனா" என்றாள் அம்மா. "கல்லுல எடம் இருக்குது. எறக்கி வெச்சிட்டுப் போவட்டும்."

கிரேன்காரர் சிரித்தார். அம்மா தன் கூடையைக் கல்லின் ஓரத்துக்கு நகர்த்தி, இடம் விட்டுக்கொண்டிருந்தாள்.