வண்டிக்கடியில் ஒரு பச்சைக் குளம்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு தெர்மோஸ்டாட்டைக் காரிலிருந்து கழற்றி, பழைய துணியில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டியவன் நான். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் பிடித்துவைக்கிற சின்னக் கதவு அது. ஏன் கழற்றினாய் என்று கேட்டால், ரயிலில் ஒருவர் சொன்னார் என்பதைத் தவிர என்னிடம் பதில் கிடையாது. அவர் வங்கியில் காசாளர்.

கார் இருபது வருஷத்துக் கார். ஒருகாலத்தில் சிவப்பு. வேலை நாளில் நான் எங்கள் பழைய தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூருக்குப் போய்விடுவேன். கார் வீட்டு வாசலில் நின்று, என்னைவிட நிம்மதியாக வயதாகிக்கொண்டிருக்கும். அதற்கு வேலை சாயந்திரங்களிலும் ஞாயிற்றுக்கிழமையும்தான். எங்கள் மகளைப் பிறந்த மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டி. அதைவிட முக்கியம், இந்த வீட்டில் நான் திருப்பினால் திரும்புகிற ஒரே ஜீவன் அது.

அந்த ஜீவனுக்கு மூன்று மாதமாக ஒரு வியாதி. ஓட்டிக்கொண்டுபோய் எங்கே நிறுத்தினாலும் முன்பக்கம் சொட்டச் சொட்டப் பச்சைத் தண்ணீர். எஞ்சினுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். ரேடியேட்டரிலிருந்து ஒரு மெல்லிய டியூப் அதற்குள் போகும். எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சை நீருக்கான அந்தக் கூலன்ட் டப்பாதான் பொங்கிப் பொங்கி வழிந்தது. நான் தினமும் காலையில் பானெட்டைத் திறந்து பார்ப்பேன். குறைந்திருக்கும். ஊற்றுவேன். மறுபடி வழியும். கடமை தவறாத ஆள் நான்.

விஷயம் முற்றியது சர்ச் வாசலில். பூசை முடிந்து வெளியே வந்தால், எங்கள் வண்டியிலிருந்து புறப்பட்ட ஓடை, பெண்கள் கழற்றிவிட்டிருந்த செருப்புகளைச் சுற்றி ஒரு குளம் கட்டியிருந்தது. பட்டுப்புடவைக்கார அம்மா ஒருவர் ஒற்றைக் காலில் நின்று செருப்பை உதறிக்கொண்டிருந்தார். நான், அது யார் வண்டியோ என்பதுபோல மணிக்கூண்டைப் பார்த்தேன். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

வீடு வந்ததும் தீர்ப்பு.

“பங்காருபேட்டைலேர்ந்து அடுத்த ஞாயித்துக்கெழம ஆளு வர்றான். பழைய வண்டி வாங்குறவன். அதுக்குள்ள இந்த ஒழுகல் நின்னா வண்டி இருக்கும். நிக்கலன்னா அவனே எடுத்துக்கினு போவட்டும்.”

“ஏம்மா, ஒரு சொட்டுத் தண்ணிக்கு...”

“சொட்டா? அந்தம்மா நீந்திகினு போச்சு.”

திங்கட்கிழமை ரயிலில் நோயாளியின் நிலவரத்தைச் சொன்னேன். எங்கள் பெட்டியில் ஏறுகிற ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சுரங்க ஃபிட்டரின் மகன், இல்லாவிட்டால் பேரன். அதனால் இயந்திரம் ரத்தத்திலேயே ஓடுகிறது என்று எல்லோருக்கும் நம்பிக்கை. ரத்தத்தில் இரும்புச்சத்துகூடப் போதாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு.

“தெர்மோஸ்டாட்ட எடுத்துட்டியா இல்லியா?” என்றார் காசாளர்.

“எடுத்துட்டேன். அப்பவும் ஒழுகுது.”

“அப்ப ரேடியேட்டர் மூடி. ஸ்பிரிங்கு செத்துருக்கும்,” என்றார் ஜன்னலோரத்தவர்.

“அதையும் புதுசு போட்டாச்சு.”

எதிர்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “ஹெட் கேஸ்கெட் போச்சு. எஞ்சின எறக்கணும். வித்துடுப்பா.”

எஞ்சினுக்குள் எண்ணெயும் தண்ணீரும் கலக்காமல் தடுக்கிற தகடு அது. சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிட்டார். நான் பெங்களூர்வரை தூங்கவில்லை.

மறுநாள் லீவு போட்டு, ஆண்டர்சன்பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். என்னைவிடப் பத்து வயசு சின்னவர். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பாஷையிலும் குறைவாகப் பேசுகிறவர். வண்டி ஆறும்வரை காத்திருந்த நேரத்தில், அடைப்பு, காற்று, கேஸ்கெட் என்று போனில் பார்த்த எல்லா வீடியோவையும் அவருக்கு ஒப்பித்தேன்.

“சரிணா. சும்னே, பேசாம கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டார். குனிந்து உள்ளே பார்த்தார்.

“கேஸ்கெட் போயிருந்தா இங்க குமிழி குமிழியா வரும். வர்தா?”

வரவில்லை. எண்ணெய் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைக் காட்டினார். “தண்ணி கலந்திருந்தா இங்க மோர் மாதிரி ஒட்டினு இருக்கும். கீதா?”

இல்லை. மூடியின் ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். நல்ல ஸ்பிரிங்தான். மூடியைப் போட்டுச் சூடேற்றினார். மின்விசிறி தன் வேளைக்குச் சுற்றியது. ஆரம்பத்திலிருந்தே எஞ்சினோடு சேர்ந்து சூடேறிய ரேடியேட்டர் குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

“தெர்மோஸ்டாட் எங்கணா?”

“பீரோவுல.”

அவர் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தலையை மட்டும் ஆட்டினார். கூலன்ட் டப்பாவுக்குள் விரலை விட்டு எடுத்து வெயிலில் பார்த்தார். பச்சை கிட்டத்தட்டக் காணாமல் போயிருந்தது.

“இன்னாணா இது? கூலன்ட்டா, பேத்தமங்களா ஏரிக் கொழாத் தண்ணியா?”

“ரெண்டும்தான். கொறையும், ரொப்புவேன்.”

“எதுவரைக்கும்?”

“ரொப்புறதுன்னா ரொப்புறதுதான். மூடிவரைக்கும்.”

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், என் பக்கத்து நியாயத்துக்காக. எங்கள் குழாயில் தண்ணீர், சொல்லாமல் வருகிற உறவினர் மாதிரி. எந்த நாள் வரும் என்று தெரியாது, வந்தால் எத்தனை நேரம் இருக்கும் என்றும் தெரியாது. “தண்ணி வுட்டாங்க!” என்று தெருமுனையில் ஒரு குரல் கேட்டால் போதும். டிரம், குடம், குண்டான், பக்கெட், குளிக்கிற மக், போன வருஷம் காலியான ஊறுகாய் ஜாடி என்று வாய் உள்ள எல்லாவற்றையும் தளும்பத் தளும்ப ரொப்பிவிட வேண்டும். ஒரு விரற்கடை குறைத்துப் பிடித்தவன் மூன்றாம் நாள் பக்கத்து வீட்டில் சொம்போடு நிற்பான். எங்கள் வீட்டில் ரொப்புகிற வேலை என்னுடையது. நான் உருப்படியாகச் செய்கிற ஒரே வேலை அதுதான் என்று என் மனைவியே ஒத்துக்கொண்டிருக்கிறாள். அப்படிப்பட்டவன் கண்ணெதிரே ஒரு டப்பா பாதி காலியாக உட்கார்ந்திருந்தால் கை எப்படிச் சும்மா இருக்கும்?

மெக்கானிக் டப்பாவின் மேலிருந்த இரண்டு கோடுகளைக் காட்டினார்.

“இந்த மேல்கோடு எதுக்குணா?”

“கம்பெனிக்காரன் போட்டது.”

“எதுக்குப் போட்டான்?”

அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.

“சூடானா தண்ணி உப்பும்ணா. உப்புனது இந்த டப்பாக்கு வரும். ஆறுனா திரும்பி ரேடியேட்டருக்குப் போவும். அது வந்து ஒக்கார எடம் வோணும். நீங்க ஒரு சொட்டு எடம் வுடல. அது வெளிய ஊத்தாம இன்னா பண்ணும்? காலைல ஆறுனதும் கொறஞ்சிருக்கும், நீங்க மறுபடி ரொப்புவீங்க. மூணு மாசமா நீங்க ஊத்துறீங்க, அது துப்புது. அவ்ளோதான்.”

பீரோவிலிருந்து தெர்மோஸ்டாட் வந்தது. அதைத் திரும்ப மாட்டி, பழைய தண்ணீரை இறக்கி, புதிய கூலன்ட்டை இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிறுத்தி, அந்த மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டினார்.

“சனிக்கெழம வரைக்கும் ஓட்டுங்க. தொறந்து பாருங்க. கை மட்டும் வெக்காதீங்க.”

அன்று சாயந்திரம் கோலார் போய்த் திரும்பினேன். சூட்டில் மட்டம் டேப்பைத் தாண்டி ஒரு விரல் ஏறியிருந்தது. காலையில் பார்த்தால் சொன்ன சொல் தவறாமல் டேப்புக்கே இறங்கியிருந்தது. தரை காய்ந்து கிடந்தது. வியாழக்கிழமை விடிகாலை குழாயில் தண்ணீர் வந்தது. வீட்டில் எல்லாவற்றையும் ரொப்பி முடித்தபோது மக்கில் கொஞ்சம் மிச்சம். பானெட்டைத் திறந்து அந்தப் பாதி டப்பாவின் எதிரே எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்ல மாட்டேன். கடைசியில் மிச்சத்தைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். அதற்கு மேல்கோடு கிடையாது.

சனிக்கிழமை சாயந்திரம்வரை ஒரு சொட்டு இல்லை. என் மனைவி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பங்காருபேட்டை ஆளுக்கு இன்னும் ஒரு ராத்திரிதான் பாக்கி.

“நின்னுடுச்சு,” என்றேன், ஆபரேஷன் முடித்து வெளியே வரும் டாக்டர் குரலில். “கொஞ்சம் சிக்கலான கேஸ்தான்.”

“இன்னா ஆயிருந்துச்சாம்?”

“கூலிங் சிஸ்டம்ல அழுத்தம், விரிவாக்கம், அந்த மாதிரி...”

கத்தி நின்றது. “இன்னா மாத்துனான்?”

“ஒண்ணும் மாத்தல.”

“ஒண்ணும் மாத்தாம எப்டிங்க நின்னுச்சு?”

இதற்குமேல் மறைக்க முடியவில்லை. டப்பா, கோடு, மூடிவரைக்கும் ரொப்பியது, அது மூன்று மாதம் துப்பியது எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் கையைத் துடைத்தாள், போனை எடுத்தாள், பங்காருபேட்டை ஆளைக் கூப்பிட்டு நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லி வைத்தாள். எனக்கு உயிர் வந்தது.

“வண்டியில ஒரு கோளாறும் இல்லன்னு மெக்கானிக்கே சொல்லிட்டாரு. கோளாறு பூரா என்னோடதுதான். அப்ப விக்க வேணாம்ல?”

வெங்காயத்தை மறுபடி எடுத்துக்கொண்டே சொன்னாள்: “வண்டிய மட்டும் விக்க வேணாம்.”